எந்த ஏழு மணி

புதனும் ஞாயிறும் மாலை ஏழு மணிக்குத்
தகப்பன் மகளோடு பேசலாம்
என்றது தீர்ப்பு.
எந்த ஊர் ஏழு மணி என்று
நீதிபதியும் எழுதவில்லை,
நானும் கேட்கவில்லை.

மரிசோல் அவளை அந்தோபகஸ்தாவுக்குக் கொண்டுபோய்விட்டாள்.
தாமிரச் சுரங்கத்து மருத்துவமனையில் வேலை,
இரண்டு மடங்கு சம்பளம்,
மழை மறந்துபோன வானம்.
"கொண்டுபோய்விட்டாள் இல்லை, யெர்கோ,
இடம்பெயர்ந்தார். சொல்லிப் பழகுங்கள்"
என்றார் என் வக்கீலே.

ஒரே நாடுதான்.
ஆனால் புந்தா அரேனாஸிலிருந்து சாலையில் வடக்கே போக
அர்ஜென்டினாவுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும்.
என் பிள்ளையை நான் காரில் கூட்டிவர
எல்லைச் சாவடியில் அவள் அம்மாவின் கையெழுத்து வேண்டும்.
நானும் ஒருமுறை கையெழுத்துப் போட மறுத்தவன்தான்,
மெந்தோசாவில் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு.
கோப்பில் பதினோராம் பக்கம்.

விசாரணையில் கேட்டார்கள்:
வகுப்பாசிரியை பெயர்?
சொன்னேன்.
ஷூ அளவு?
முப்பத்தொன்று என்றேன்.
மரிசோல் குனிந்த தலை நிமிராமல், மெதுவாக,
முப்பத்துமூன்று என்றாள்.
ஜெயித்த குரலில் சொல்லியிருந்தால்
வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் முதல் ஞாயிறு.
ஏழுக்கு அழைத்தேன். ஏழு ஐந்துக்கு. ஏழு பத்துக்கு.
ஒலித்து ஒலித்து ஓய்ந்தது.
வக்கீலுக்கு எழுதினேன்:
தீர்ப்பை மீறுகிறாள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.
அனுப்பியும் விட்டேன்.

எட்டுக்கு மணி ஒலித்தது.
"அப்பா! கரெக்டா ஏழு!" என்றாள் தானிட்சா.

குளிர்காலத்துக்கு அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள்.
தெற்குக் கோடியில் நாங்கள் தொடுவதில்லை.
செப்டம்பர் வரை
எனக்குக் கோபத்தில் கழிந்த ஏழு மணி
அவளுக்கு இனிமேல்தான் வரும்.

"தெருவுல கயிறு கட்டியாச்சாப்பா?"
கட்டியாச்சு. காற்று நூறைத் தொட்டிருந்தது.
பறந்துபோகாமல் ஆட்கள் பிடித்து நடக்கும் கயிறு.
இவள் இரண்டு கையாலும் அதில் தொங்குவாள்.
கேள் என்று ஜன்னலைத் திறந்து
போனை வெளியே நீட்டினேன்.
"ஒண்ணுமே கேக்கல.
நீங்க 'கேக்குதா'ன்னு கத்துறதுதான் கேக்குது."

இரைச்சலென்று காற்றைக் கழித்துவிட்டுக்
குரலை மட்டும் அனுப்புமாம் இந்தப் புதுப் போன்.
இன்னும் நீட்டினேன், தோள்வரை.

வக்கீல் அலுவலகம்
நாளை ஒன்பதுக்குத்தான் திறக்கும்.
எங்கள் ஊர் ஒன்பது.