பதினேழாம் எண்ணின் முதுகு

விதர்ட்டனுக்கு நான் போனதில்லை.
ஆறு வருடமாக இரவெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று நகரசபைகள் கூடிப் பேசி
ஒரே அறை போதுமென்று முடிவெடுத்த வருடம்
விதர்ட்டன் நூலகத்து மாடியிலிருந்த திரைகளைக்
கழற்றி வேனில் ஏற்றி
இருபத்தாறு மைல் தள்ளி, இங்கே,
ப்ரெக்கன்ஹோமின் பழைய வரிவசூல் கட்டடத்தில் இறக்கினார்கள்.
செலவில் விதர்ட்டனுக்கு ஐந்தில் ஒரு பங்கு.
அதிலும் கால்வாசியை வணிகர் சங்கம் தரும் என்றார்
உறுப்பினர் ஹெட்லி க்ராப்டன்.
இன்னும் தரவில்லை.

நாற்பத்தோரு கேமரா.
ஒன்பதாம் எண்ணில் சிலந்தி.
செப்டம்பர் தோறும் புது வலை.
துடைக்க ஆள் அனுப்புவது இணைப்பு ஐந்தில் வருகிறதாம்,
இணைப்பு ஐந்தில் இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.
ஆகவே மீன்சந்தை எனக்கு
எட்டுக் கால்களுக்கு நடுவே தெரிகிற இடம்.

படம் முப்பத்தோரு நாள் இருக்கும்.
பிறகு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.
அதற்குள் படிவம் நிரப்பிக் கேட்பவருக்கு
அவர் முகத்தை மட்டும் விட்டு
மற்ற முகங்களை மங்கலாக்கித் தரவேண்டும்.
அது ஓட்டிஸின் வேலை.
ஒருத்தி கேட்டிருந்தாள்:
செவ்வாய் மாலை, பாலத்தின்மேல், நானும் கணவரும்,
அவர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு.
செத்தவர் முகத்தை மங்கலாக்க வேண்டுமா?
விதிப்புத்தகத்தை மூன்று தரம் புரட்டினான்.
குளிர்ந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்தான்.
பாலத்தில் வந்துபோன மற்ற பதினோரு பேரையும்
ஒவ்வொருவராக மங்கலாக்கினான்,
ஒரு நாய் உட்பட.

சத்தம் கிடையாது எங்களுக்கு.
பாதிராத்திரியில் ஒருவன் கைநீட்டினால்
அது சண்டையா பாட்டா என்று
தோள்களை வைத்துத்தான் சொல்லவேண்டும்.
ஊரெல்லாம் கண் காது மூக்கு வைத்துப் பேசும்;
கண்ணை மட்டும் வைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

மே மாதத்தில் ஒரு விடுமுறை நாள், பஸ் ஏறிப் போனேன்.

தெருக்கள் இவ்வளவு குட்டையா?
பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றுக்குத் தாவ
நாற்பது அடி நடந்தால் போதும்.
ஈஸ்ட் மணமும் படகு டீசலும் சேர்ந்து அடித்தது,
எந்தத் திரையிலும் வராதது.
நாலேகாலுக்கு ரொட்டிக்கடை திறக்கிறவள்
வாசலில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
இருட்டில் கேமரா நிறத்தை விட்டுவிடும்.
அவள் மேலங்கி மஞ்சள் என்று அன்றுதான் தெரிந்தது.
முழங்கை தேறிவிட்டதா என்று
வாய்வரை வந்துவிட்டது.
அவள் என்னை
யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
சரிதானே.

பிறகு பதினேழுக்குப் போனேன், படகுத்துறைக் கம்பத்துக்கு.
தேவாலயச் சுவர் தடுப்பதால் பின்பக்கம் திரும்பாதது அது.
அந்த ஓரத்தில் மறைகிறவர்கள்
எட்டு நிமிடம் பத்து நிமிடம் கழித்துத் திரும்புவார்கள்;
அங்கே ஏதோ கடை இருக்கிறதென்று நினைத்திருந்தேன்.

கடை இல்லை. மூன்று கல்படிகள்.
சிகரெட் துண்டுகள், எண்ணெய்க் காகிதம்,
உதட்டுச்சாயம் துடைத்த தாள்,
சாவியால் கீறிய பெயர்கள், அதில் ஒன்று
கீறி, அடித்து, மறுபடி கீறியது.
பள்ளிச் சீருடையில் இருவர் என்னைக் கண்டு
கைகளைப் பிரித்துக்கொண்டார்கள்.
நான் கடலைப் பார்க்கிறவள்போல் நின்றேன்.
அவர்கள் போனபின் உட்கார்ந்தேன்.
கல் சூடாக இருந்தது.
எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதற்குப்
பதிவு இல்லை.

ஜூனில் ஆண்டு மறுஆய்வுப் படிவம் வந்தது.
கேள்வி ஆறு: கண்காணிப்புக்கு எட்டாத இடங்கள்
ஏதேனும் உங்கள் கவனத்துக்கு வந்துள்ளனவா?
நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள்.

ஒன்பதாம் எண்ணில் சிலந்தி, என்று எழுதினேன்.