தாக்கம்

மதிப்பீட்டுக் குழு வியாழனன்று வருகிறது.
பாஸலில் மூன்று நாளாக மழை.
நோய்ப்பரவல் நிலையத்தின் நான்காம் மாடியில்
ஆறு வருடத்துக் கட்டுரைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
நானூற்றுப் பதினேழு.
ஒன்று இரண்டு முறை வந்திருக்கிறது,
தலைப்பில் ஒரு காற்புள்ளி மட்டும் வித்தியாசம்.
நானூற்றுப் பதினாறு.

அடுத்த கட்டம் மேற்கோள்கள்.
யார் சொன்னதை யார் கேட்டு
யாரிடம் போய்ச் சொன்னார்கள்.
கோளுக்கு மேல் கோள், அதனால் மேற்கோள்.
வரைந்தால் எங்களுக்குப் பழகிய வளைவுதான்:
மெல்லத் தொடங்கி, திடீரென ஏறி,
உச்சி, பிறகு நீண்ட வால்.
எங்கள் கட்டுரை ஒன்று
சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும்?
பொழுது போகாமல் கணக்குப் போட்டேன்.
இரண்டு புள்ளி மூன்று.
ரெட்டோ அம்ஸ்லர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"அறிக்கையில் போட்டுத் தொலைக்காதே."

எல்லாவற்றிலும் வேகமாய்ப் பரவியது
காபியும் இதயமும் பற்றியது.
தப்பு என்று எழுதியவர்களும்
அதைச் சொல்லித்தானே எழுத வேண்டும்?
ஆயிரம் வசவும் ஆயிரம்தான்.

கடைசிக் கட்டம்:
சமூகத் தாக்கம், இருநூறு சொற்களுக்கு மிகாமல்.
தமிழில் யோசித்தால் இந்தச் சொல் கை ஓங்குகிறது.
யாரைத் தாக்கினோம்?
எங்கே வீங்கியிருக்கிறது?

எண்பத்தெட்டாவது கட்டுரைக்கு மேற்கோள் பூஜ்யம்.
ஜூரா மலையில் ஓர் ஊர்,
நிலவறைகளில் ரேடான்.
நிறமில்லை, மணமில்லை,
பாறை விடும் மூச்சு.
அதிகம் இருந்தது மழலையர் வகுப்பில்.
ஊராட்சிச் செயலாளர் ஓதில் க்ரோஸ்ஜான்
கட்டுரையை முழுதாகப் படித்த ஒரே ஆள்,
எழுதிய எங்களையும் சேர்த்து.
அவர் கடிதம் கோப்பில் இருக்கிறது:

"வகுப்பை மேலே மாற்றிவிட்டோம்.
தரைக்கடியில் உறிஞ்சு விசிறி வைத்தோம், எழுநூற்று நாற்பது பிராங்க்.
கீழே இப்போது உருளைக்கிழங்கு.
விசிறி சத்தம் போடுகிறது. வேறு குறையில்லை."

பிள்ளைகள் இருபத்து மூன்று பேர்.
அறுபது வருடம் கழித்து
அவர்களில் வராமல் போகும் புற்று எத்தனை?
இதையும் கணக்குப் போட்டேன்.
பூஜ்யம் புள்ளி மூன்று ஆள்.
எந்தப் பிள்ளையின் எந்தப் பங்கு?
இருமாத அந்த மூன்றில் ஒன்று
பனிச்சறுக்குக்குப் போகும்,
வரி கட்டும், விவாகரத்து வாங்கும்,
எழுபதாவது பிறந்தநாளில் மெழுகுவர்த்திகளை
ஒரே ஊதலில் அணைக்கும்.
எங்கள் பெயர் அதற்குத் தெரிய
எந்த வழியும் இல்லை.
வராத நோய்க்கு நோயாளி கிடையாது,
நன்றி சொல்ல.

0.3 என்று அடித்தேன்.
முழு எண் மட்டும், என்றது பெட்டி.

அழித்துவிட்டு எழுதினேன்:
விசிறி ஒன்று. சத்தம் போடுகிறது.

இன்னும் நிறையச் சொற்கள் மீதமிருப்பதாகத்
திரை காட்டிக்கொண்டே இருந்தது.