கேட்டுக்குக் கீழே ஒரு சாண்

முதலில் போனது பைபாஸ் ஓரம்,
கிரானைட் கடைக்குப் பின்னால்.
பலகையில் புதுப் பெயிண்ட், ஒரு பாதச் சுவடு.
உள்ளே நாயே இல்லை.
ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு போன்.
"தள்ளிக்கிட்டே போங்க சார்,
பிடிச்சதுல நிறுத்துங்க.
சாயங்காலம் வீட்டுக்கே வந்துரும்.
நன்கொடை எட்டாயிரம்."

லோகிதா ஒரு குட்டியில் நிறுத்தினாள்.
நீலத் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்
ஏதோ இருமியது.
மனுஷ இருமல் இல்லை.
"அங்க என்ன அங்கிள்?"
"ஸ்டோர் ரூம் பாப்பா."

ஊசி அட்டையைக் காட்டினான்.
மூன்று வருஷத்து ஊசி,
ஒரே பேனா, ஒரே சாய்வு.
கட்டைவிரலை வைத்தேன், மை ஒட்டியது.
மாங்காய் லோடுக்கு நானே
எத்தனை எடைச்சீட்டு இப்படி எழுதியிருக்கிறேன்,
எனக்குத் தெரியாதா.

அவன் எங்களைக் கேட்டது ஒரே கேள்வி:
ஜிபேயா, கேஷா?

*

எலத்தகிரிப் பக்கம் ஜெசிந்தாவைச் சொன்னது
கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர்.
"உடனே தர மாட்டாங்க. போய்ப் பாருங்க."
பலகை கிடையாது. குரைப்பைப் பிடித்துக்கொண்டு போனோம்.
நேரே கொல்லைக்குக் கூட்டிப்போனாள்.
மூத்திர வாடை, பினாயில் வாடை, சோறு வேகிற வாடை.
மூன்று காலில் ஒன்று, கண் வெளுத்தது ஒன்று,
எல்லாமே வெயிலில் இருந்தன.

அப்புறம்தான் நோட்டை எடுத்தாள்.
சொந்த வீடா, வாடகையா?
ஓனருக்குத் தெரியுமா? அவர் நம்பர்?
பெங்களூரா சீசன்ல நீங்க ராப்பகலா வண்டியில,
இவங்க கூழ் கம்பெனியில, பாப்பா ஸ்கூல்ல,
அப்போ யார் இருப்பா?
காம்பவுண்டு எவ்வளவு உசரம்?
கேட்டுக்குக் கீழே எவ்வளவு சந்து?

பொண்ணு கேட்டுப் போனபோதுகூட
மாமனார் இத்தனை கேட்கவில்லை.
ஒரு தெருநாய்க்கா என்று
வாய்வரை வந்தது.

"இதுக்கு முன்ன நாய் வளர்த்திருக்கீங்களா?"
"ம்."
"என்ன ஆச்சு?"
"செத்துப்போச்சு" என்றேன்.
நாகவேணி தரையைப் பார்த்தபடி சொன்னாள்:
"சாகல. பர்கூர்ல வீடு காலி பண்ணப்போ
விட்டுட்டு வந்துட்டோம்."
லோகிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
அவளிடமும் செத்துப்போச்சு என்றுதான்
சொல்லி வைத்திருந்தேன்.

ஜெசிந்தா எழுதிக்கொண்டாள்.
திட்டவில்லை, நிமிரவும் இல்லை.
"பேரு?"
"யாரு பேரு?"
"அந்த நாயி பேரு."
"கரடி."
அதையும் எழுதினாள்.

*

நான்கு ஞாயிறு போனோம்.
குட்டி இல்லை என்றுவிட்டாள்.
"ஆளில்லாத வீட்ல குட்டி கத்தியே ஓஞ்சுரும்."
ஐந்து வயசுப் பெட்டை ஒன்றை அவிழ்த்துவிட்டாள்,
கருத்தடை செய்து காது நுனி வெட்டினது.
குறையெல்லாம் அவளே சொன்னாள்:
இடி இடிச்சா கட்டிலுக்கடியில ஒண்ணுக்குப் போயிரும்.
ஹெல்மெட் போட்ட ஆளை ஒருவாட்டி கடிச்சிருக்கு.
லோகிதா பக்கத்தில் உட்கார்ந்தாள்.
அது எழுந்து அப்பால் போய்ப் படுத்தது.
மூன்றாவது ஞாயிறு போகவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டை ஆட்டிப் பார்த்தாள்,
குனிந்து கையால் அளந்தாள்.
ஒரு சாண். "இதுல பூந்துரும்."
கல் துண்டு கேட்டு அதே பைபாஸ் கடைக்குப் போனேன்.
பின்பக்கம் காது கொடுத்து நின்றேன்.
லாரிச் சத்தம்தான்.
இடத்தை மட்டும் ஜெசிந்தாவுக்கு அனுப்பிவைத்தேன்.
"தெரியும்" என்று பதில் வந்தது.
"புகார் கொடுத்திருக்கோம். ரெண்டு தடவ."

*

காகிதத்தில் கடைசி வரி:
வைத்துக்கொள்ள முடியாமல் போனால்
வேறு யாருக்கும் தரக்கூடாது, தெருவில் விடக்கூடாது,
எந்நேரமானாலும் இங்கே கொண்டுவர வேண்டும்.
இரண்டு முறை படித்தேன்.

பர்கூரில் சாமான் ஏற்றிய வண்டிக்குப் பின்னால்
சந்தை தாண்டியும் ஓடிவந்தது கரடி.
கண்ணாடியில் பார்த்தேன்.
கியரை மாற்றினேன்.

பேனா எழுதவில்லை.
உதறிப் பார்த்தேன்.
ஜெசிந்தா வேறொன்று நீட்டினாள்.
"பேரு மல்லி. மாத்தாதீங்க,
அதுக்குப் பழகிப்போச்சு."