ஒரு விரல் இடம்

இடப்பக்கம் முழுசாய் ஒடித்தால்
யாரும் அமுக்காமலே ஹாரன் அடிக்கிறது.
நேராக்கினால் வாயை மூடிக்கொள்கிறது.
"ஜின்னு கின்னு ஏறிக்கிருச்சோ செலினக்கா?"
சிரித்தபடிதான் கேட்டான் கீழக்கரை நைனா.
கண் சிரிக்கவில்லை.

உச்சிப்புளி ரோட்டோரம், என் பட்டறை வாசலில்
வண்டி தரையோடு தரையாய்க் கிடந்தது,
வத்துக் கடலில் தட்டி நிற்கும் வள்ளம் போல.
டயருக்கும் மேலே வளைந்த தகட்டுக்கும் நடுவே
ஒரு விரல் நுழையவில்லை.
அதுதான் அழகு என்கிறான்.
துபாயில் சேர்த்த காசைக் கொடுத்து
நல்ல ஸ்பிரிங்கை வெட்டியிருக்கிறான்.

ஜாக்கி அடியில் போகவில்லை.
கூரி பலகை போட்டு, சக்கரத்தை அதில் ஏற்றி,
பிறகு ஜாக்கி வைத்து,
டயரைக் கழற்றுவதற்குள் உச்சிவெயில்.

உள்ளே பிளாஸ்டிக் மறைப்பு
தேய்ந்து தேய்ந்து பொத்தலாகியிருந்தது.
அதற்குப் பின்னால் ஒயர்க் கொத்து.
நீலத்தில் பாதி இல்லை.
மஞ்சளில் தோல் இல்லை.
பச்சையாய் ஒன்று தொங்கியது.
தொட்டபிறகுதான் தெரிந்தது
அது பச்சை ஒயர் இல்லை,
செம்பு.
உப்புக்காற்று பூசிய பச்சை.

"இதுதான் உன் ஜின்னு" என்றேன்.
"ஒடிக்கிறப்பல்லாம் டயர் தள்ளும்,
இது போய் பாடியத் தொடும்.
ஹாரன் ஒயரு, அதான் கத்திக் காட்டிக்கொடுத்துச்சு.
பக்கத்துல இருக்குறது லைட்டுக்கு.
அது கத்தாது.
ராத்திரி, பாம்பன் பாலத்து நடுவுல,
சும்மா அணைஞ்சிரும்."

நைனா ஒன்றும் சொல்லவில்லை.
பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும்
தட் தட்டென்று சக்கரம் எழும்பிய ராத்திரிகளை
எண்ணிக்கொண்டிருந்தான் போல.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.
உப்பு நிற்கிற இடத்தில் நிற்பதில்லை,
ஒயருக்குள்ளேயே ஊர்ந்து போகும்.
வெட்டினேன், கறுப்பு.
இன்னும் வெட்டினேன், கறுப்பு.
நாலு அங்குலம் தாண்டித்தான் செம்பு சிவந்தது.
ஒட்டுப் போட்டு, பற்றவைத்து, சுருங்கு குழாய் மாட்டி,
கொத்தையே மேலே தூக்கி
சேசிஸ் ஓரமாய்க் கொண்டுபோனேன்.
"டை போட்டுக் கட்டுனா போதாதாக்கா?"
டை இந்த வெயிலில் விறைத்து ஒடியும்.
ரப்பர் வைத்த கிளிப், அதற்கொரு போல்ட்,
போல்ட்டுக்கு ஒரு சொட்டு கிரீஸ்.

அந்தப் பக்கம் கூரி
தகட்டு விளிம்பைச் சூடுகாட்டி
கிழிந்த கைலி சுற்றிய கருவேலங்கட்டையை உள்ளே விட்டு
மெல்ல மெல்ல நெம்பினான்.
பெயின்ட் வெடிக்கவில்லை.
ஒரே ஒரு இடத்தில் வெடித்தது.
நைனா அதைப் பார்ப்பதற்குள் டீ வந்துவிட்டது.

வெட்டின ஸ்பிரிங் வளராது.
அடியில் ரப்பர் வளையம் கொடுக்கலாம்,
எவ்வளவு என்பதில்தான் சண்டை.
"ஒரு விரல்" என்றேன்.
"அரை விரல்க்கா, வண்டி மானம் போயிரும்."
"யார் விரல்?" என்றான் கூரி,
நங்கூரக் கயிறு மாதிரி தன் விரலை நீட்டி.
கடைசியில் என் சுண்டுவிரலில் முடிந்தது.

இரண்டு வளைவின் உள்ளேயும் சாக்பீஸ் பூசினேன்.
"பாலம் ஏறி, இறங்கி, வளைச்சுத் திருப்பிக்கிட்டு வா.
சாக்பீஸ் இருந்தா டயர் தொடலை."

கச்சான் எழுந்த நேரத்தில் திரும்பி வந்தான்.
ஹாரன் அடிக்கவே இல்லை என்றான்.
வலப்பக்கம் பூசியது பூசியபடி.
இடப்பக்கம் துடைத்துவிட்டாற்போல்.

டயர் துடைத்ததா, அலைத் தூறலா?
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
ரப்பர் கரிக்காதுதான்.
ஆனால் இந்தக் கரையில்
எதை நக்கினால் கரிக்காமல் இருக்கிறது?

"கூரி, உன் மக பையில
மெழுகுக் கலரு இருந்தா எடுத்துட்டு வா.
தண்ணிக்கு அழியாதது.
செவப்பா இருக்கட்டும்."
நைனா மறுபடி குனிந்து
சக்கரத்தைப் பார்க்காமல்
அந்தச் சுண்டுவிரல் இடைவெளியையே
பார்த்துக்கொண்டிருந்தான்.