பத்துக்கு எட்டு

செல்லூர் மாடியில் எங்கள் அறை
பத்துக்கு எட்டு. பீரோ தின்றது போக
ஓர் ஆள் நின்று திரும்பலாம்.
மந்திரவாதி வீடு வேண்டுமாம் லத்திகாவுக்கு,
நாளை ஏழு முடிகிறது.

கையில் நூற்றுப்பத்து ரூபாய்.
கீழமாசி வீதியில் கறுப்பு சார்ட் இரண்டு,
ஜிகினா ஒரு பொட்டலம், அவ்வளவுதான்.
இருமல் மருந்து சீசாக்களைக் கழுவி
மஞ்சள் தண்ணி, சொட்டு நீலம், பீட்ரூட் வெந்த சாறு.
"தவளைக் கண்ணீர்" என்று லேபிள் எழுதி ஒட்டினார்
அவள் அப்பா.
தறியில் மிஞ்சிய கழிவு நூலால்
விளக்குமாற்றை ஃபேன் கொக்கியில் கட்டினோம்.
ஃபேன்தான் போன மாசமே
ரிப்பேருக்குப் போய் இன்னும் திரும்பவில்லையே.

இருட்டியதும்
போன் டார்ச்சின் மேல் சீசாக்களை வைத்தேன்.
சுவரின் ஈரக்கறைக்குச் சிறகு முளைத்தது.

அந்நேரம் பார்த்து வாடகை கேட்க வந்தார் சோலையப்பன்.
சீசாக்களைப் பார்த்தார்.
அந்தரத்தில் விளக்குமாற்றைப் பார்த்தார்.
கூம்புத் தொப்பிக்குள்ளிருந்து ஒரு குரல்
"உள்ள வாங்க" என்றது.
தடதடவென்று படிச் சத்தம்.
செருப்பில் ஒன்று இங்கேயே கிடக்கிறது.

காலையில் வாசற்படியில்
குங்குமம் தடவிய எலுமிச்சை இரண்டு.
நன்றாகக் கழுவி
மூன்று டம்ளர் ஜூஸ் போட்டேன்.
சீனிதான் பத்தவில்லை.