இருபதாம் நாள் மின்தடை

மீன் வந்த தெர்மோகோல் பெட்டி.
எத்தனை முறை கழுவியும் மத்தி வாசம் போகவில்லை.
கோழிக்குத் தெரியவா போகுதுங்க என்றாள் கோகிலவாணி.
கோழியே இல்லையே என்றேன்.
நாற்பது வாட் பல்பு ஒன்று,
பழைய கம்ப்யூட்டரின் காற்றாடி,
ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர்,
சூட்டை முப்பத்தேழரையில் நிறுத்த ஒரு கருவி.
ஒயரிங் என்னுடையது.
ஊத்துக்குளிப் பக்கம்
இருபத்திரண்டு வருஷமாய்க் கம்பம் ஏறுகிறவன்,
தாய்க்கோழியின் வயிற்றுச் சூட்டுக்கு
இணைப்புக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

சிறுவெடை முட்டை இருபத்திநாலு.
ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் சுழி.
பனியன் கம்பெனிக்குக் கிளம்புமுன் பெருக்கல்,
திரும்பி வந்ததும் சுழி,
படுக்கப்போகையில் மறுபடி பெருக்கல்.
ஓவர்லாக்கில் பத்து மணி நேரம் ஓடிய விரல்கள்
முட்டையைத் தொட்டதும் மெதுவாகிவிடும்.
என்னிடம் அத்தனை மெதுவாக
அவள் எதையும் நீட்டியதில்லை, காப்பியைக்கூட.

ஏழாம் நாள் ராத்திரி
செல்போன் டார்ச்சின்மேல் ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தோம்.
நாலில் வெறும் வெளிச்சம். கூமுட்டை.
மற்றதில் சிவப்புக் கம்பிகள் கிளை பிரிந்து ஓடின,
நடுவே ஒரு புள்ளி துள்ளியது.
எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிறது இது?
வாய்விட்டுக் கேட்கவில்லை.
அவளிடம் டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தேன்.

இருபதாம் நாள் செவ்வாய்க்கிழமை.
மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து நாலு வரை.
ஆபீஸ் பலகையில் அதை எழுதிப்போட்டதே நான்.
"தேதி பாத்து வெச்சிருக்கலாமுங்க" என்றாள்.
வேறொன்றும் சொல்லாமல் கம்பெனிக்கு லீவு போட்டாள்.

தை மாசக் குளிர். எட்டரைக்கும் பனி விலகவில்லை.
சுவிட்சை இழுத்தது என் கைதான்.
தறி நின்றது, கிணத்து மோட்டார் நின்றது,
மாவு மில் பாதி அரைவையில் நின்றது,
மத்தி வாசமடிக்கும் ஒரு பெட்டியும்.
எர்த் ராடு மாட்டிவிட்டுப் புளியங்கிளை வெட்டப் போனேன்.

பத்து நாற்பதுக்கு ஆபீசுக்கு ஒரு போன்.
எனக்கில்லை, ஆபீசுக்கு.
"கரண்ட்டு எப்பங்க வரும்?"
"சர்வீஸ் நம்பர் சொல்லும்மா."
சொல்லியிருக்கிறாள்.
நாலு மணிக்கு என்று போர்மேன்
எல்லாருக்கும் சொல்வதைச் சொல்லியிருக்கிறார்.

அஞ்சரைக்கு வீடு.
பெட்டிக்குள் முட்டைகளைச் சுற்றி
கட்டிங் வேஸ்ட் துணியில் பொதிந்த குவார்ட்டர் பாட்டில்கள்.
ஆஸ்பெஸ்டாஸுக்கும் சுவருக்கும் நடுவே
நான் செருகி வைத்தவை.
ஒன்பது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.
லேபிள் உரித்து, அரை மணிக்கொருக்கா
வெந்நீர் மாற்றி மாற்றி ஊற்றியிருக்கிறாள்.

அதைப் பற்றி ஒரு பேச்சில்லை.
"இங்க காது வெச்சுப் பாருங்க" என்றாள்.
ஓட்டுக்குள்ளிருந்து
ஊசி முனையளவு ஒரு கீச்.
பதில் போல இன்னொன்றிலிருந்து இன்னொன்று.
"காத்தாடி நின்னப்பறந்தானுங்க கேட்டுச்சு.
கரண்ட்டு இருந்தா இரைச்சல்ல கேட்டிருக்காது."
எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாளா
என்று இன்றுவரை தெரியவில்லை.

பதினேழு பொரிந்தது.
ரெண்டில் சத்தமே இல்லை.
ஒன்று ஓட்டை உடைத்து, மூக்கை வெளியே நீட்டி,
அப்படியே நின்றுவிட்டது.
உரித்து விடலாம் என்றேன். வேண்டாம் என்றாள்.
முருங்கையடியில் குழி வெட்டினேன்.

இப்போது பனியன் அட்டைப்பெட்டியில்
கம்பு நொய் கொத்துகிறார்கள்.
ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டாயிற்று.
பல்பு ஒருதரம் மினுங்கினாலும் போதும்,
பதினேழும் என்னைப் பார்த்துக் கத்தும்.
புகார் சரியான ஆளிடம்தான் வருகிறது.

அடுத்த ஈட்டுக்கு முட்டை சேருகிறது.
அடுத்த மாசம் என்னைக்கு நிறுத்துவீங்க என்று
காலண்டரில் விரல் வைத்துப் பின்னோக்கி எண்ணுகிறாள்.
ஜன்னல் திட்டில்
கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள், ஒன்பது.
பத்தாவதுக்கு இடமில்லாமல்
நெருக்கி வைத்திருக்கிறாள்.