பாலத்தின் இந்தப் பக்கம்

எங்கள் ஊரில் வெள்ளையர்களின் கல்லறைத் தோட்டம்
தேவாலயத்துக்குப் பின்னால், புல்லும் குழாய்த் தண்ணீருமாக.
எங்களுடையது ஆற்றுக்கு அப்பால்,
முள்ளும் செம்மண்ணும்.
ஆறு என்பது பேச்சுக்கு.
வருஷத்தில் பத்து மாதம் வெறும் மணல்.
மாவட்ட எல்லை அதன் நடுவில்தான் ஓடுகிறது என்பது
ஜொங்கிலே ந்தலபேனியின் மகன் செத்த அன்றைக்குத்தான்
எங்களுக்கு உறைத்தது.

சொங்கேசோ. பதினோரு வயது. இரவில் மூச்சிழுப்பு.
பக்கத்து ஆஸ்பத்திரி எங்களுக்கானதில்லை.
எங்களுக்கானது முப்பத்தெட்டு மைல்.
அதற்குமேல் சொல்ல வரவில்லை.

ஜொங்கிலேவுக்கு ஐந்தாண்டுத் தடையாணை.
மாவட்டத்தைத் தாண்டக் கூடாது.
ஒரு நேரத்தில் ஓர் ஆளோடு மட்டும் பேசலாம்.
இன்னொருவர் வந்து நின்றால் அது கூட்டம்.
கூட்டம் என்றால் சிறை.
பேருந்துகளை ஏழு மாதம் காலியாக ஓட வைத்தோமே,
அதற்குக் கிடைத்த கூலி.
(நடந்தது நாங்கள் எல்லோரும்.
கூலி அவருக்கு.)

மாஜிஸ்திரேட் ஒரு தாளை நீட்டினாராம். நாலு வரி.
இனி இயக்கத்தில் இல்லை;
இருந்தவர்கள் இன்னின்னார்.
கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை பாலத்தைத் தாண்டலாம்.
ஜொங்கிலே இரண்டு முறை படித்தார்.
பழைய வாத்தியார்.
மூன்றாம் வரியில் ஓர் எழுத்துப் பிழை.
அதை மட்டும் திருத்திவிட்டுத்
தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

பெட்டி எங்கள் தோளில் போனது.
சேர்ந்து நடந்தால் கூட்டமாகிவிடும்,
நூறடி பின்னால் தனியாக வந்தார்,
யார் வீட்டுச் சாவுக்கோ வருகிறவர்போல.
பாலத்தின் நடுவே வெள்ளையடித்த எல்லைக்கல்.
அங்கே நின்று தொப்பியைக் கழற்றினார்.
வண்டிக்குள்ளிருந்து சார்ஜன்ட் ஃபூரி பார்த்துக்கொண்டிருந்தான்.

குழியை மூடினோம். யாரும் கலையவில்லை.
கம்பளிக் கிடங்கில் மூட்டை தைக்கும் நொமலாங்கா
மண் அப்பிய கையோடு பாலத்தை நோக்கி நடந்தாள்.
தனியாக.
அவர் கையைப் பிடித்தாள். திரும்பி வந்தாள்.
அவள் வந்து சேர்ந்ததும் இன்னொருவர் கிளம்பினார்.
யாரும் திட்டம் போடவில்லை, சத்தியமாக.
முந்நூற்றுச் சொச்சம் பேர்,
ஒரு நேரத்தில் ஓர் ஆள்,
சட்டம் சொன்னபடியே.
ஃபூரி ஒவ்வொரு பெயராக எழுதினான்.
குறிப்பேடு தீர்ந்தது.
சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதினான்.
அதுவும் தீர்ந்து, கடைசியில்
கண்ணாடியில் படிந்த தூசியில் விரலால் கோடு போட்டான்.

நான் நூற்றுப் பதினேழாவது.
என்னென்னவோ சொல்ல வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு போனேன்.
அவர் கேட்டார்: "குழியில் கல் இருந்ததா?"
"கொஞ்சம். பொறுக்கிவிட்டோம்."
பொய். பாதிக்குமேல் கல்தான்.
என் கையைப் புரட்டிப் பார்த்தார்.
நகக்கண்ணிலிருந்த மண்ணைக்
கட்டைவிரலால் சுரண்டியெடுத்துக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.
எல்லோரிடமும் இப்படித்தானா?
நான் யாரையும் கேட்கவில்லை, என்னையும் யாரும் கேட்கவில்லை.

நொம்வுயோ மட்டும் போகவில்லை.
குழிமேட்டருகே, பாலத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.
"நாலு வரி" என்றாள், யாரையும் பார்க்காமல்.
"நாலே நாலு வரி."
இன்னின்னாரில் ஒருவன் நான்.
அது அவளுக்குத் தெரியும்.
நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வார் அறுந்திருந்தது, அந்த ஏழு மாதத்தில்.

இருட்டிய பிறகு அவர் திரும்பினார்.
கோட்டு ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது.
வெகுநேரம் கழித்து அவள் போனாள்.

அன்றிரவு அந்த வீட்டைத் தாண்டித்தான் வந்தேன்.
விளக்கு எரிந்தது. பேச்சில்லை.
மூன்று பேர் இருந்த வீடு.
இரண்டு பேர் இருந்தார்கள்.
சட்டத்துக்கு இனி எந்தக் குறையும் இல்லை.